பீரோவில் பூட்டக் கூடாத பெட்டி

2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலைக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அன்றைக்கு நாடெங்கும் பேசப்பட்ட செம்பரம்பாக்கத்தைவிட இது அதிகம். அடையாறு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமாகத்தான் ஓடிவருகிறது. அந்த இரவில் அதற்குக் கரை போதவில்லை. தரைத்தளங்கள் மூழ்கின, தெருவுக்குள் படகு வந்தது, மீனம்பாக்கம் விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. தண்ணீர் வடிந்தபின் வீட்டுக்கு வீடு இழப்பைக் கணக்குப் போட்டார்கள். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், டூவீலர், வீட்டுப் பத்திரம் என்று நீண்ட பட்டியலில், மேஜைக்கு அடியில் தரையோடு தரையாக நின்றிருந்த சி.பி.யு.வும் இருந்தது.

கம்ப்யூட்டர் மேஜை செய்பவர்கள் சி.பி.யு.வுக்கென்று அடித்தட்டில் ஓர் இடம் விடுகிறார்கள், தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில். பெருக்கும்போது தூசியும், துடைக்கும்போது ஈரமும், ஐப்பசி கார்த்திகையில் வெள்ளமும் முதலில் போய்ச் சேரும் இடம் அதுதான். அதற்குள்ளே என்ன இருக்கும்? ஆடிட்டர் அலுவலகமென்றால் பத்து வருஷத்து டேலி கணக்கு. ஸ்டுடியோவென்றால் இன்னும் டெலிவரி ஆகாத மூன்று கல்யாணம். வீடென்றால் குழந்தை பிறந்த நாளிலிருந்து எடுத்த படம் அத்தனையும். தண்ணீர் ஏறும்போது சி.பி.யு.வின் பின்பக்கம் செருகியிருக்கும் ஏழெட்டு கேபிள்களைப் பிடுங்கி, அதைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓட எவருக்கும் தோன்றாது. தோன்றினாலும் அதற்குள் கைக்குழந்தையும் பெரியவர்களும் முன்னே வந்துவிடுவார்கள்.

ஹார்ட் டிஸ்க் முற்றிலும் காற்றுப் புகாத பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். ஹீலியம் நிரப்பிய சில வகைகளைத் தவிர மற்றவற்றில் காற்றழுத்தத்தைச் சமன் செய்ய வடிகட்டியோடு ஒரு சின்னத் துளை உண்டு. வெள்ளத்தில் மூழ்கினால் சேற்று நீர் அதன் வழியே தகவல் பதியும் தட்டுகள் வரை போகலாம். அப்படி மூழ்கியதை, காய்ந்துவிட்டதா என்று பார்க்க கரண்ட் கொடுத்துப் பார்ப்பதுதான் மிச்சமிருக்கும் வாய்ப்பையும் கெடுக்கிறது. தட்டில் படிந்த மண்ணின் மேல், தகவலைப் படிக்கும் படிமுனை உராய்ந்தால் அதற்குப் பிறகு எந்த நிபுணராலும் அதிகம் செய்ய முடியாது.

இந்தப் பின்னணியில்தான் உள்ளங்கையளவு எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி.யை நம் பக்கத்து டெஸ்க்டாப்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்கிறேன். ஒரே கேபிளைப் பிடுங்கினால் கையோடு வந்துவிடும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறலாம். ஆனால் இதிலும் ஒரு கூத்து நடக்கிறது. வாங்கியவர்கள் பலர் அதில் எல்லாவற்றையும் நகலெடுத்து, நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அன்றாட வேலையைப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே தொடர்கிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். எஸ்.எஸ்.டி. வேலை செய்வதற்கான பெட்டி, வருஷக்கணக்கில் தூங்க வைப்பதற்கான பெட்டி அல்ல. ஏன் என்பது அதற்குள் தகவல் எப்படித் தங்குகிறது என்று பார்த்தால் விளங்கும்.

ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல் காந்தத் திசைகளாகத் தகவல் பதிகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. சிலிக்கன் சில்லுக்குள் கோடானுகோடி நுண்ணிய அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையையும் மின்சாரம் கடத்தாத மெல்லிய சிலிக்கன் டை-ஆக்சைடு படலம் சூழ்ந்திருக்கிறது. சாதாரணமாக எலக்ட்ரான் அந்தப் படலத்தைத் தாண்டாது. அழுத்தமான மின்புலம் ஒன்றைக் கொடுத்தால், குவாண்டம் இயற்பியலின் விதிப்படி, சில எலக்ட்ரான்கள் அந்தத் தடுப்பை ஊடுருவி உள்ளே போய் மாட்டிக்கொள்கின்றன. கரண்டை நிறுத்தினாலும் வெளியே வர வழியில்லை. உள்ளே எவ்வளவு மின்னேற்றம் அடைபட்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்தே அளந்து, அதை 0 என்றோ 1 என்றோ கம்ப்யூட்டர் படித்துக்கொள்கிறது.

இப்படி எலக்ட்ரானைச் சிறைவைக்கும் அமைப்பை 1967-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே என்ற இருவர் முன்வைத்தார்கள். அதை மொத்தமாக அழித்து எழுதும் மலிவான நினைவகமாக மாற்றியவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா. 1984-இல் முதல் வடிவத்தையும், 1987-இல் இன்று பென் டிரைவிலிருந்து மொபைல் வரை எல்லாவற்றிலும் இருக்கும் நேண்ட் வடிவத்தையும் அவரும் அவருடைய குழுவினரும் அறிவித்தார்கள். 2013 வாக்கில் அறைகளைப் பக்கம் பக்கமாக நெருக்குவதை விட்டு, அடுக்குமாடிபோல் ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டத் தொடங்கினார்கள். இப்போது இருநூறு மாடிகளைத் தாண்டிவிட்டது. பல்லாவரம் மேடவாக்கம் சாலையில் எழுந்த அடுக்ககங்கள் இதற்குமுன் ஒன்றுமே இல்லை.

இந்த இயற்பியலுக்கும் நம் குரோம்பேட்டைக்கும் ஒரு தூரத்து உறவு இருக்கிறது. 1949-இல் அங்கே சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்தவர் எஸ். ரங்கராஜன், நமக்கெல்லாம் எழுத்தாளர் சுஜாதா. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த இயந்திரம் வாக்குகளை எங்கே வைத்துக்கொள்கிறது? மின்சாரம் போனாலும் மறக்காத, எலக்ட்ரானை அடைத்துவைக்கும் இதே குடும்பத்துச் சில்லில்தான். பத்து ஆண்டுகளுக்கும் மேல் முடிவு அதில் அழியாமல் இருக்கும் என்று தேர்தல் ஆணையம் ஒருமுறை விளக்கம் தந்திருந்தது. அப்படியானால் நம் எஸ்.எஸ்.டி.யும் பத்து ஆண்டு தாங்காதா என்று கேட்கத் தோன்றும். இரண்டுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது.

வாக்கு இயந்திரத்தின் சில்லில் ஓர் அறைக்கு ஒரு பிட்தான். மின்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதும். கடையில் கிடைக்கும் எஸ்.எஸ்.டி.க்களோ ஓர் அறையில் மூன்று பிட், நான்கு பிட் என்று திணிக்கின்றன. மூன்று பிட்டுக்கு எட்டு அளவுகளையும், நான்கு பிட்டுக்குப் பதினாறு அளவுகளையும் பிரித்தறிய வேண்டும். சொம்பு நிறைந்திருக்கிறதா காலியா என்று சொல்வது யாருக்கும் எளிது. அதே சொம்பில் பதினாறு கோடு கிழித்து, தண்ணீர் ஒன்பதாவது கோட்டில் நிற்கிறதா பத்தாவதிலா என்று கேட்டால், கொஞ்சம் ஆவியாகிப் போனாலே பதில் தவறிவிடும். அறை சிறுத்து, அளவுகள் கூடக் கூட, ஒரு சில எலக்ட்ரான்கள் கசிந்தாலும் எண் மாறும். விலை குறைவதற்கு நாம் கொடுக்கும் இன்னொரு விலை இது. பிழை திருத்தும் கணக்குகளை எஸ்.எஸ்.டி.யின் உள்ளேயிருக்கும் கன்ட்ரோலர் சில்லு ஓயாமல் போட்டுக்கொண்டிருப்பதால்தான் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

கசிவைக் கூட்டும் முதல் எதிரி வெப்பம். மின்னணுச் சாதனங்களுக்கான தர அமைப்பான ஜெடெக், எஸ்.எஸ்.டி.க்களுக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. சாதாரண வாடிக்கையாளர்களுக்கான எஸ்.எஸ்.டி., அதன் எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்தபிறகு, மின்சாரமே இல்லாமல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. பெரிய சர்வர்களுக்கானவை என்றால் 40 டிகிரியில் மூன்று மாதம். இந்த எண்களைக் காட்டி, எஸ்.எஸ்.டி. ஓராண்டில் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று பயமுறுத்தும் வாட்ஸ்அப் செய்திகள் வந்ததுண்டு. அது மிகை. இது ஆயுள் தீர்ந்த சரக்குக்கான குறைந்தபட்ச வரம்பு, புதிய எஸ்.எஸ்.டி. இதைப்போல் பல மடங்கு காலம் தாங்கும்.

ஆனாலும் 30 டிகிரி என்பதைக் கவனியுங்கள். அந்த அளவுகோலை எழுதியவர்களின் மனத்தில் இருந்தது செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்திரை வெயில் இல்லை. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அது அபூர்வமான நாள், சரி. சாதாரண மே மாதத்திலேயே பகல் வெப்பம் 37, 38 டிகிரி. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் மேல்தளத்து அறையில், பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவெல்லாம் வெப்பத்தைக் கீழே விடுகிறது. அந்த அறையில் நிற்கும் இரும்பு பீரோவுக்குள் இரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத மாதங்கள் இருக்கின்றன. வெப்பம் ஏற ஏறக் கசிவு நேர்விகிதத்தில் அல்ல, அடுக்குக்குறி வேகத்தில் கூடுகிறது. சில டிகிரி வித்தியாசம் தாங்கும் காலத்தைப் பாதியாக்கிவிடக்கூடும். ஆக, பத்திரமான இடம் என்று நாம் தேர்ந்தெடுப்பது எஸ்.எஸ்.டி.க்கு வீட்டிலேயே மோசமான இடமாக இருக்கலாம்.

பயன்படுத்தினால் தேய்ந்துவிடுமே என்று சிலர் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். எலக்ட்ரான்களை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும் அந்தப் படலத்தைச் சிறிது சிறிதாகச் சேதப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். 1 டி.பி. எஸ்.எஸ்.டி.க்கள் பலவற்றுக்கு 600 டி.பி. வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். தினமும் 100 ஜி.பி. எழுதும் வீடியோ ஸ்டுடியோ என்றாலும் ஆண்டுக்கு 36.5 டி.பி. பதினாறு ஆண்டு ஓடும். வீட்டில் எவரும் அதில் பத்தில் ஒரு பங்குகூட எழுதப் போவதில்லை. எனவே தாராளமாக வேலை வாங்குங்கள். டேலி கோப்பு, பேஜ்மேக்கர் காலத்திலிருந்து சேர்த்த டி.டி.பி. பக்கங்கள், எடிட்டிங்கில் இருக்கும் வீடியோ எல்லாம் நேரே அதிலேயே திறந்து அதிலேயே சேமியுங்கள்.

அப்படிச் செய்யும்போது பழைய டெஸ்க்டாப் சுறுசுறுப்பாகத் தெரியும். இதற்குக் காரணம், பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் விநாடிக்கு 1000 எம்.பி. என்ற எண் அல்ல. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய தகவல் படிமுனைக்குக் கீழே வந்துசேர சராசரியாக அதில் பாதி. படிமுனை நகர்ந்து சரியான தடத்தில் நிற்க இன்னொரு எட்டு, ஒன்பது மில்லி விநாடி. எஸ்.எஸ்.டி.க்கு இந்த இரண்டு வேலையும் இல்லை. ஒரு மில்லி விநாடியில் ஒரு சிறு பங்கு நேரத்திலேயே பதில் வந்துவிடும். ஒரு மென்பொருள் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும். அங்கேதான் நாம் காத்துக் கிடக்கிறோம்.

பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மட்டும்தான் அந்த எம்.பி. கணக்கு வருகிறது; அதைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது எஸ்.எஸ்.டி. அல்ல, நீங்கள் செருகும் துளை. 60 ஜி.பி. கல்யாண வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0 துளையில் நடைமுறையில் விநாடிக்கு 40 எம்.பி. தான் போகும், 25 நிமிடம். 2008-இல் அறிவிக்கப்பட்ட யுஎஸ்பி 3.0 என்றால் 400 எம்.பி., இரண்டரை நிமிடம். அதற்கடுத்த 10 ஜிகாபிட் துளையில் ஏறத்தாழ ஒரு நிமிடம். ஆனால் அந்த வீடியோ சி.பி.யு.வின் உள்ளேயிருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வரவேண்டுமென்றால், அது விநாடிக்கு 150 எம்.பி.க்கு மேல் கொடுக்காது. எவ்வளவு விலை கொடுத்து எஸ்.எஸ்.டி. வாங்கினாலும் ஆறேழு நிமிடம் ஆகத்தான் செய்யும். எட்டுப் பத்து வயதான டெஸ்க்டாப் வைத்திருப்பவர் கடைக்காரர் காட்டும் அதிவேக மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பது என் கட்சி. அந்தப் பணத்தில் ஒரு யுபிஎஸ் வாங்கலாம். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

துளை விஷயத்தில் டெஸ்க்டாப்புக்கென்றே சில குணங்கள் உண்டு. சி.பி.யு.வின் முன்பக்கத் துளைகள் மதர்போர்டில் நேரடியாக இல்லை; உள்ளே ஒரு நீண்ட ஒயர் வழியாகப் போகின்றன. மலிவான கேபினட் என்றால் அந்த ஒயரில் சிக்னல் பலவீனமாகி, எஸ்.எஸ்.டி. திடீர் திடீரென்று காணாமல் போகும். பலர் அதை எஸ்.எஸ்.டி.யின் கோளாறு என்று நினைத்துக் கடையில் போய்ச் சண்டை போடுகிறார்கள். பின்பக்கம், மதர்போர்டிலேயே பதித்திருக்கும் துளையில் ஒருமுறை செருகிப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகலாம். நீல நிறத் துளை வேகமானது என்பது பொதுவாகச் சரி. ஆனால் நிறம் கட்டாய விதியில்லை என்பதால் மதர்போர்டு கையேட்டைப் பார்ப்பது நல்லது.

இன்னொரு விசித்திரம். யுஎஸ்பி 3.0 செருகியில் பழைய 2.0-க்கான நான்கு தொடுமுனைகளும் புதிய ஐந்தும் சேர்ந்து ஒன்பது. பழையவை முன்னாலும் புதியவை உள்ளேயும் இருக்கின்றன. தயங்கித் தயங்கி மெதுவாகச் செருகினால் முன்னால் இருப்பவை முதலில் தொட்டு, கம்ப்யூட்டர் இது 2.0 என்று முடிவு செய்துவிடுவதுண்டு. வேகம் பத்தில் ஒன்றாகக் குறைந்ததாகத் தோன்றினால், பிடுங்கிவிட்டு ஒரே மூச்சில் அழுத்திச் செருகுங்கள். எஸ்.எஸ்.டி. ஓடும்போது ஒயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டு ஓடினால் பேயும் இல்லை பிசாசும் இல்லை. யுஎஸ்பி 3.0 தகவல் பாய்ச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஆய்வறிக்கை வெளியிட்டது. மவுஸின் குட்டி ரிசீவரை எஸ்.எஸ்.டி.யிலிருந்து தள்ளி வேறு துளையில் வைத்தால் போதும்.

நாலு பிட் வகை மலிவு எஸ்.எஸ்.டி.க்கள் ஒரு தந்திரம் செய்கின்றன. காலியாக இருக்கும் அறைகளில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஒரு பிட் அறைகளாகப் பாவித்து, வரும் தகவலை வேகமாக வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் நாலு பிட்டாக அடுக்குகின்றன. சின்னக் கோப்புக்கு அபார வேகம். நூற்றுக்கணக்கான ஜி.பி.யை ஒரே மூச்சில் கொட்டினால் அந்த முன்னறை நிரம்பி, சில மாடல்கள் ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாக ஊர்ந்துபோகும். வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் மூன்று பிட் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்கு எது வாங்கினாலும் சரி.

எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி.யிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்ய முடியுமா என்ற கேள்வி இப்போது அதிகம் வருகிறது. காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11-ஓ பழைய பிராசசர்களை ஏற்காது. நன்றாக ஓடும் டெஸ்க்டாப்பைக் காயலான் கடைக்குப் போட மனம் வராதவர்களுக்கு லினக்ஸ் நல்ல வழி. எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸை நிறுவி, கம்ப்யூட்டர் எழும்போது பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால், உள்ளேயிருக்கும் பழைய விண்டோஸைத் தொடாமலேயே வேலை செய்யலாம். பிடிக்காவிட்டால் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பழைய வாழ்க்கைக்குத் திரும்பலாம். நிறுவும்போது மட்டும், எழுதப் போகும் இடம் எஸ்.எஸ்.டி.தானா, உள்ளேயுள்ள ஹார்ட் டிஸ்க்கா என்று இரண்டுமுறை பாருங்கள். விண்டோஸை இப்படி வெளியிலிருந்து ஓட்ட மைக்ரோசாஃப்ட் தந்திருந்த வசதி 2020-இல் கைவிடப்பட்டுவிட்டது. லினக்ஸும் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 2005-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையத்தையும் சென்னை சி-டாக்கையும் சேர்த்துத்தான் அமைந்தது. பாஸ் என்ற லினக்ஸ் பதிப்பு பிறந்தது அந்த முயற்சியில்.

இப்போது யுபிஎஸ். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, டெஸ்க்டாப்புக்கு இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குக் கரண்டை நிறுத்துவதைப் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். காற்றடித்தால் போகும் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. எஸ்.எஸ்.டி.க்கு இது ஹார்ட் டிஸ்க்கைவிட நுட்பமான ஆபத்து. எல்லா அறைகளும் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காகக் கன்ட்ரோலர் நம் கோப்புகளை ஓரிடத்தில் வைக்காமல் மாற்றி மாற்றி வைக்கிறது. எது எங்கே இருக்கிறது என்பதற்குத் தனியே ஓர் அட்டவணை வைத்துக்கொள்கிறது. அந்த அட்டவணையை எழுதும் நொடியில் கரண்ட் போனால், நேரம் சரியில்லையென்றால், ஒரு கோப்பு அல்ல, மொத்தமும் படிக்க முடியாமல் போகலாம். வீட்டுக்கான எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி.க்களில் இதைத் தாங்கும் தனி மின்தேக்கிகள் வைப்பதில்லை.

இதற்கு மேல் கோப்புமுறை ஒன்று இருக்கிறது. டிவியிலும் மேக்கிலும் விண்டோஸிலும் ஓட வேண்டும் என்பதற்காக இவற்றைப் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் தயாரித்து விற்கிறார்கள். என்ன செய்யப்போகிறேன் என்று முன்கூட்டி ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டு எழுதும் பழக்கம் எக்ஸ்ஃபேட்டுக்குக் கிடையாது, என்டிஎஃப்எஸ்ஸுக்கு உண்டு. நடுவில் கரண்ட் போனால் என்டிஎஃப்எஸ் குறிப்பைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஒரே விண்டோஸ் டெஸ்க்டாப்பில் மட்டும் பயன்படுத்துவதென்றால், தகவல் ஏற்றுவதற்கு முன்பே என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மேட் செய்துவிடுங்கள். விண்டோஸ் 10-இன் 2018 இறுதிப் பதிப்பிலிருந்து எழுத்தைத் தாமதிக்காமல் உடனே முடிக்கும் முறை இயல்பாக இருக்கிறது என்பதால் பழைய பதற்றம் இப்போது குறைவு. ஆனாலும் சேஃப்லி ரிமூவ் கொடுக்க ஐந்து விநாடி ஆகும். கொடுத்துவிட்டுப் பிடுங்குங்கள்.

ஹார்ட் டிஸ்க் சாகும்முன் பெரும்பாலும் சத்தம் போடும். கடகடவென்று இழுத்துக்கொண்டு கிடக்கும். நகலெடுக்க அவகாசம் தரும். எஸ்.எஸ்.டி. அப்படி முன்னறிவிப்பு கொடுக்காமலே போகலாம். தவறி அழித்த கோப்பை மீட்பதும் இதில் கடினம். அழித்த இடங்களைக் கம்ப்யூட்டர் சொல்லிவிட்டால், கன்ட்ரோலர் தன் வசதிக்குத் தோன்றியபோது உண்மையிலேயே துடைத்துவிடும். ரெகவரி கடைக்காரர் கைவிரிப்பது அவருக்குத் திறமை இல்லாததால் அல்ல.

ஆக, பேக்கப் என்ற பெயருக்கு எஸ்.எஸ்.டி. மட்டும் போதாது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994-இல் தொடங்கியது. அங்கே புத்தகத்தைப் பாதுகாத்ததோடு நிற்காமல் மைக்ரோஃபிலிமும் எடுத்தார்கள், பிறகு டிஜிட்டலாகவும் மாற்றினார்கள். ஒரு வடிவம் அழிந்தால் இன்னொன்று நிற்கும் என்பதுதான் ஆவணக் காப்பாளர்களின் கணக்கு. வீட்டுக்கும் அதே கணக்கைச் சுருக்கிச் செய்யலாம். அன்றாடம் வேலை செய்வது எஸ்.எஸ்.டி.யில். மாதம் ஒருமுறை அதன் நகல் ஒரு சாதாரண எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில். காந்தப் பதிவு, கரண்ட் இல்லாமல் அலமாரியில் கிடப்பதை எஸ்.எஸ்.டி.யைவிட நன்றாகத் தாங்கும். அந்த ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடம் இன்னொரு வீடு, முடிந்தால் வேறு மழை பெய்யும் ஊர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூரிலும் தண்ணீர், பள்ளிக்கரணையிலும் தண்ணீர். தாம்பரத்து நகலை வேளச்சேரி அக்கா வீட்டில் வைத்தவருக்கு இரண்டுமே கவலைதான். திருச்சியில் மாமா வீடு இருந்தால் அங்கே வையுங்கள்.

ஏற்கெனவே எஸ்.எஸ்.டி.யை பீரோவில் பூட்டியிருப்பவர்கள் இந்த வாரமே எடுத்துச் செருகி, எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை வேறோர் இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். சும்மா செருகிவைத்தால் மட்டும் கசிந்த எலக்ட்ரான்கள் திரும்பி வந்துவிடும் என்று நம்பக் கூடாது. படிக்கும்போதுதான் கன்ட்ரோலருக்குப் பலவீனமான இடம் தெரிகிறது. ஆடிட்டர்கள், வக்கீல்கள் போன்றவர்கள் அடுத்தவர் ஆதார், பான் விவரங்களை வைத்திருப்பதால் பாஸ்வேர்டு போட்டு மறையாக்கமும் செய்துகொள்ள வேண்டும். சட்டைப் பையில் அடங்கும் பொருள் பீச் லோக்கலில் தவறிப்போகவும் செய்யும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. 1 டி.பி. வாங்கிச் செருகியதும் விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டும். அது ஏமாற்று அல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம். உண்மையான ஏமாற்று வேறு. 16 டி.பி. எஸ்.எஸ்.டி. இரண்டாயிரம் ரூபாய் என்று ஆன்லைனில் வருபவற்றில், அழகான அலுமினியக் கூட்டுக்குள் ஒரு சின்ன மெமரி கார்டு ஒட்டியிருக்கும். 16 டி.பி. இருப்பதாகப் பொய் சொல்ல அதன் கன்ட்ரோலருக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். உண்மைக் கொள்ளளவு தீர்ந்ததும் பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதும். கோப்புப் பெயர்கள் எல்லாம் பட்டியலில் இருக்கும். திறந்தால் ஒன்றும் இருக்காது. ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், எஃப்3, ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவசக் கருவி ஒன்றால் முழுக் கொள்ளளவையும் நிரப்பித் திரும்பப் படித்துச் சோதியுங்கள். திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிவதற்குள் அதைச் செய்துவிடுங்கள். அதுவரை ஒரு படத்தைக்கூட அதில் ஏற்ற வேண்டாம்.